பெடலை மாத்தினா வாட் கணக்கு உதைக்கும்! நங்கநல்லூர் சைக்கிள் பிரியர்களே உஷார்

நங்கநல்லூர்:-

விடியக்காலை 5 மணி. தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு. ஆஞ்சநேயர் கோவில் பக்கமிருந்து கிளம்பி, வேளச்சேரி, திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் பறக்கும் சைக்கிள்காரர்களை இந்தப் பக்கம் பார்க்கலாம். இவர்களில் சிலர் சைக்கிளில் இப்போ ஒரு புது கருவி. பெயர் 'பவர் மீட்டர்'.

நாம எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறோம் என்று உடனுக்குடன் சொல்லும் கருவி இது. விலை பல ஆயிரம் ரூபாய். ஆனா ஒரு சைக்கிளில் இருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிட்டு அப்படியே கிளம்பினால், அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. காரணம் என்ன?

மளிகைக் கடை தராசு மாதிரி

கடைக்காரர் எலக்ட்ரானிக் தராசில் முதலில் காலி பாத்திரத்தை வைப்பார். ஒரு பட்டனை அமுக்கி ஜீரோ ஆக்குவார். அப்புறம்தான் எண்ணெய் ஊற்றுவார். அமுக்க மறந்தால் பாத்திரத்தின் எடைக்கும் சேர்த்து நாம காசு கொடுக்கணும்.

பவர் மீட்டர் கதையும் இதேதான். உள்ளே 'ஸ்ட்ரெயின் கேஜ்' என்ற மெல்லிய கம்பிப் பட்டை ஒட்டியிருக்கும். 1938-ல் அமெரிக்காவில் கண்டுபிடிச்ச சமாச்சாரம். கடைத் தராசுக்குள் இருப்பதும் இதுவே. மிதிக்கும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். பட்டையும் சேர்ந்து நீளும். அதன் மின்தடை மாறும். அதை வைத்து விசையைக் கணக்கு போடுகிறது கருவி. சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர். 1986-ல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கியவர்.

பெடலைக் கழற்றி வேற கிராங்கில் முறுக்கும்போது, அந்த முறுக்கே இரும்பை லேசா இழுத்துப் பிடிக்கும். யாரும் மிதிக்காமலே கருவி 'யாரோ மிதிக்கிறாங்க' என்று நினைத்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்க

வாட் என்பது முறுக்கு விசையையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கி வருவது. நிமிஷத்துக்கு 90 சுற்று மிதிக்கிறவருக்கு, ஜீரோவில் வெறும் 1 நியூட்டன் மீட்டர் தப்பு இருந்தால் 9 வாட்டுக்கு மேல் வித்தியாசம். இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர்களில் இந்தத் தப்பும் இரட்டிப்பு. சுமார் 19 வாட்!

கூடுதலா காட்டினால் 'நாம தேறிட்டோம்' என்ற பொய் சந்தோஷம். அதோட போச்சு. குறைச்சலா காட்டினால்தான் ஆபத்து. 200 வாட் என்று நினைத்துக்கொண்டு 219 வாட் மிதிப்பார். மே மாத வெயிலில், கோவளம் வரை போய்த் திரும்பும்போது அதை உடம்புதான் தாங்கணும்.

என்ன செய்யணும்?

முதலில், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்க வேண்டும். கைக்கணக்கு வேண்டாம். இடது பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது, கிராங்க் நீளத்தை மாத்தணும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். பழைய சைக்கிளில் 175 மில்லிமீட்டர், புதுசில் 170 என்று வைத்துக்கொள்வோம். மாத்தாவிட்டால் 200 வாட் மிதித்தாலும் 206 என்று காட்டும். நீளம் கிராங்கின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும்.

மூணாவது, சில பெடல் மீட்டர்களுக்கு மாட்டிய கோணத்தையும் புதுசா தெரியப்படுத்த வேண்டும். கொஞ்ச நேரம் சீராக மிதித்தால் தானே கண்டுபிடிச்சுக்கும்.

நாலாவது, நாலைந்து முறை நல்லா அழுத்தி வேகமா மிதிக்கணும். அப்போதுதான் பெடல் மரையில் சரியா உட்காரும்.

கடைசியா ஜீரோ. சைக்கிளை நேரா நிறுத்தி, பெடலில் காலோ கையோ படாமல், கிராங்கை மேனுவல் சொன்ன நிலையில் வைத்து ஜீரோ கொடுக்கணும். ஏ.சி. ரூமில் இருந்து எடுத்து வந்த கையோடு செய்யக் கூடாது. வெயில் பட்டால் இரும்பு விரியும், ஜீரோ நகரும். பத்து பதினைந்து நிமிஷம் வெளியே விட்டு அப்புறம் செய்வதே நல்லது.

ஜீரோ மட்டும் போதுமா?

இங்கேதான் முக்கிய விஷயம். காலியா இருக்கும்போது ஜீரோ காட்டும் தராசு, ஒரு கிலோ வைத்தால் 950 கிராம் காட்டலாம் இல்லையா? அதைக் கண்டுபிடிக்க எடைக்கல் வைத்துப் பார்க்கணும். கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட தொழிலாளர் துறை அதிகாரி இருக்கிறார். பவர் மீட்டருக்கு அப்படி யாரும் கிடையாது. நாமதான் பார்த்துக்கணும்.

வழி சுலபம். முத்திரை குத்திய 20 கிலோ எடைக்கல் ஒன்று வாங்கி வாங்க. பின் சக்கரத்தை பிரேக் போட்டு இறுக்குங்க. கிராங்கை முன்பக்கமா படுக்கை மட்டத்தில் வைத்து, பெடல் அச்சில் கல்லைத் தொங்க விடுங்க. 170 மில்லிமீட்டர் கிராங்க் என்றால், சென்னையில் புவி ஈர்ப்பு 9.78 என்ற கணக்கில் 33.25 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். கயிறு, கொக்கி எடையையும் சேர்த்துக்கணும். இந்த அளவைக் காட்டும் வசதி சில கம்பெனி ஆப்களில்தான் உண்டு. வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிடணும்.

ஜீரோ கொடுக்க அரை நிமிஷம், எடைக்கல் சோதனைக்கு அரை மணி நேரம். அந்தச் சோதனையும் தினமும் தேவையில்லை, மீட்டரை இடம் மாத்தும்போது செய்தால் போதும். ஆனா ஜீரோவை மட்டும் ஒவ்வொரு நாளும் கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.