அறிவியல் டீச்சர் மேஜையில் என்ன புத்தகம் இருக்கணும்? அருள்புரத்திலிருந்து ஒரு கேள்வி

"மிஸ், டையிங்ல எதுக்கு மூட்டை மூட்டையா உப்பு போடுறாங்க?"

திருப்பூர் - பல்லடம் சாலையில் இருக்கும் அருள்புரத்தில், ஒரு எட்டாம் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அப்பா சாயப்பட்டறையில் ஷிப்ட், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். வீட்டில் தினமும் காதில் விழும் வார்த்தைகள்தான் இதெல்லாம்.

பாடப்புத்தகத்தில் உப்பு இருக்கு. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். ஆனா பிள்ளை கேட்டது அது இல்லையே! இந்த இடத்தில் டீச்சருக்கு ரெண்டு வழி. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று சொல்லலாம். இல்லை, "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எதையாவது புரட்டலாம். எதைப் புரட்டுவது?

முதலில் பதிலைப் பார்த்துவிடுவோம். பருத்தி நூல் தண்ணீரில் நனையும்போது அதன் மேற்பரப்பில் எதிர் மின்சுமை உருவாகும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறுக்கும் எதிர் மின்சுமைதான். ஒரே சுமை கொண்ட ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும் இல்லையா? நடுவில் உப்பு போனால், அதிலுள்ள சோடியம் அயனிகள் அந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்தும். சாயம் நூலை நெருங்கும். பிறகு சோடா ஆஷ் போட்டு காரத்தன்மையை ஏற்றினால் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பாக ஒட்டிக்கொள்ளும். துவைத்தாலும் சுலபத்தில் போகாது.

கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரைகூட உப்பு தேவைப்படும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். அதாவது நாம் போடும் கறுப்பு டி-ஷர்ட், கடலைவிட ரெண்டு மடங்கு கரிக்கும் தண்ணீரில் குளித்து வந்திருக்கலாம்.

இன்னொரு விஷயம், அந்த உப்பு செலவாவதில்லை. வேலை முடிந்ததும் அப்படியே கழிவுநீரில் வந்து நிற்கும். நொய்யலுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் என்ன ஆனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது ஏன், அருள்புரத்திலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எதற்கு, எல்லாமே இந்த ஒரு உப்புக் கேள்விக்குள் இருக்கு.

குண்டு விழுந்த ஊர்களுக்காக எழுதிய புத்தகம்

ஆசிரியருக்கென்று ஒரு துணைநூல் எப்படி இருக்கணும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வகங்களும் தரைமட்டமாகிவிட்டன. அறிவியல் எப்படி நடத்துவது? 1948-ல் யுனெஸ்கோ ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் ஜே.பி.ஸ்டீபன்சன் என்ற லண்டன் ஆசிரியர். காலி டப்பா, பாட்டில், கம்பி வைத்தே சோதனைக் கருவி செய்துகொள்வது எப்படி என்பதுதான் விஷயம்.

போரில் ஆய்வகத்தை இழந்த நாடுகளுக்காக எழுதியது அது. ஆனால் அதிகமாகக் கைகொடுத்தது, ஆய்வகமே என்றைக்கும் இல்லாத நாடுகளுக்கு! அதை விரித்து 1956-ல் 'அறிவியல் கற்பித்தலுக்கான யுனெஸ்கோ மூலநூல்' வந்தது. 1973-ல் புதிய பதிப்பும் வந்தது. யுனெஸ்கோவின் இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. (ரியாக்டிவ் சாயம் 'புரோசியன்' என்ற பெயரில் முதன்முதலில் சந்தைக்கு வந்ததும் அதே 1956-ல்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியலை.)

இந்தியாவில் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது மத்தியப் பிரதேசம். 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், பிள்ளைகள் சோதனை செய்துதான் பாடத்துக்குள் போவார்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து மாதிரிகள் செய்ய ஆரம்பித்தது அங்கேதான். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்கு அந்தத் திட்டத்தில் ரொம்பப் பிடித்தது 'சவாலிராம்'. அப்படி ஒரு ஆளே கிடையாது, கற்பனைப் பாத்திரம். பிள்ளைகள் மனதில் தோன்றும் கேள்வியை எழுதி சவாலிராமுக்கு அனுப்புவார்கள், பதில் வரும். ஒரு டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்க முடியாது என்பதைத் திட்டமே ஒப்புக்கொண்டது. 2002-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

தமிழில் என்ன இருக்கு?

நிறையவே இருக்கு. ஆனால் சிதறிக் கிடக்கு.

கொங்கு மண்டலத்துக்கே இதில் பெரிய பங்கு உண்டு. தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசுக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1954-ல் முதல் தொகுதி வந்தது, 1968-ல் பத்தாவது முடிந்தது. அடுத்து குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி. கோவையிலிருந்து 'கலைக்கதிர்' இதழ், அறிவியலைத் தமிழிலேயே எழுத முடியும் என்று மாதாமாதம் காட்டியது. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம் 'அறிவியல் களஞ்சியம்' தொகுத்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-லிருந்து வருகிறது. பழைய தொகுதிகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், காலமும் கலைச்சொல்லும். பழைய நூலில் 'பிராணவாயு' என்று இருக்கும், இன்றைய பாடத்தில் 'ஆக்சிஜன்'. இலங்கைத் தமிழ் நூலைத் திறந்தால் 'ஒட்சிசன்'. மூணும் ஒண்ணுதான் என்று டீச்சருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு? நடுவில் நின்று மொழிபெயர்க்கும் வேலையும் டீச்சர் தலையில்தான்.

அதற்கு நேரம் இருக்கா என்பது வேறு கேள்வி. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொன்னது. இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணுக்குக் கணக்கும் அறிவியலும் 60. இப்போது டீச்சர் கைக்காசு போட்டு வாங்கும் 'ரெஃபரென்ஸ் புக்' பெரும்பாலும் டெட் கைடாகத்தான் இருக்கும். குறை சொல்லவும் முடியாது, வேலை பற்றிய விஷயம். 2022 நவம்பர் 28-ல் தொடங்கிய 'வானவில் மன்றம்' ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளுக்கு நடமாடும் அறிவியல் சோதனைகளைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வண்டி கிளம்பிப் போன மறுநாள் வரும் கேள்விக்கு வகுப்பில் நிற்பது டீச்சர் மட்டும்தானே?

அடுத்த வரி தெரிந்தால் உயிர் தப்பும்

இதெல்லாம் வெறும் படிப்பு விவகாரம் என்று நினைத்தால், அருள்புரத்தில் அப்படி இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்றால் என்ன? "அழுகிய முட்டை நாற்றம் உடைய வாயு." நான் ஸ்கூலில் எழுதி மார்க் வாங்கிய ஒரு வரி அது. அதற்கு அடுத்த வரி யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்கு வந்த பிறகு ஒரு செய்திக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது. காற்றில் அந்த வாயு 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, உள்ளே இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து.

சாய ஆலையில் சாதாரண உப்புக்குப் பதிலாக சோடியம் சல்பேட்டும் பயன்படும். அந்தக் கழிவுநீர் காற்றோட்டம் இல்லாத தொட்டியில் தேங்கினால், பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சிதைத்து இந்த வாயுவை உண்டாக்கும். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் சேர்ந்து இறந்த செய்திகள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. வாயு ஏன் அடியில் தங்குகிறது? ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு நிறை 34, காற்றின் சராசரி சுமார் 29. பத்தாம் வகுப்புப் பிள்ளை போர்டிலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு. அடுத்த சில வருஷத்தில் அதே தொட்டி ஓரத்தில் வேலைக்கு நிற்கப்போகிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

சரி, இப்போ உடனே என்ன செய்யலாம்?

அருள்புரம் டீச்சருக்குப் பக்கத்திலேயே ஒரு துணைநூல் இருக்கு, யாரும் அதைப் புத்தகமாகப் பார்ப்பதில்லை. சாய ஆலைகளுக்கு வரும் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் 'பாதுகாப்புத் தரவுத் தாள்' ஒன்று உண்டு. பட்டறை ஆட்கள் எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். 16 பகுதிகள் இருக்கும். நான்காவது, மேலே பட்டால், மூச்சில் போனால் செய்ய வேண்டிய முதலுதவி. எட்டாவது, கையுறை, முகமூடி விவரம். ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் சோடா, அசிட்டிக் அமிலம் எல்லாம் பாடத்திலும் இருக்கு, பட்டறை ஸ்டோர் ரூமிலும் இருக்கு. ரசாயனத்தின் பெயர் தெரிந்தால் போதும், தாள் இணையத்திலும் கிடைக்கும்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பது உண்மை. அந்த நான்காவது பகுதியை மட்டும் ஒரு பீரியட் எடுத்து வகுப்பே சேர்ந்து தமிழில் எழுதலாம். எழுதியதை அன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனால், அப்பா நைட் ஷிப்ட் கிளம்புவதற்கு முன்னாடி படித்துக் காட்டிவிடலாம்.