மூக்கை உயர்த்திய டிரக் ஏன் தடுமாறுகிறது?

மாணவர்களே, அடுத்த முறை பேரங்காடிக்குச் செல்லும்போது தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரம், தான் திரும்பும் தண்டுக்கு நேர் கீழே இருக்காது. சற்றுத் தள்ளியே இருக்கும். வண்டியைத் தள்ளியதும் அது தண்டுக்குப் பின்னால் வந்து, நேராக உருளத் தொடங்கும்.

வாகனங்களிலும் இதே உத்தி உண்டு. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சுக்கோடு செங்குத்தாக இராது. அதன் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும். மிதிவண்டியின் முன்பகுதியைப் பக்கவாட்டில் பார்த்தால் இது புரியும். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்ச் சேரும். ஆகவே டயர் அதன் பின்னால் இழுபட்டு நேராகிறது. இந்தச் சாய்வுதான் கேஸ்டர் கோணம். வளைவைத் தாண்டியதும் ஸ்டீயரிங் தானாக நேராவதற்கு இது முக்கியக் காரணம்.

இனி பிக்கப் டிரக்கைப் பார்ப்போம். காலியாக நிற்கும்போது அதன் பின்பகுதி சற்று உயர்ந்திருக்கும். சுமை ஏற்றியதும் தாழ்ந்து சமமாவதற்கே அந்த அமைப்பு. அமெரிக்காவில் பலர் காலி வண்டியே சமமாகத் தெரிய வேண்டும் என்று, முன் சுருள்வில்லுக்கு மேல் ஸ்பேசர் வைத்து மூக்கை உயர்த்துகிறார்கள்.

அங்கே பிரபலமான ஃபோர்ட் எஃப்-250 நான்கு சக்கர இயக்க டிரக்கை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே கனமான அச்சு இணைக்கிறது. அந்த அச்சை இரண்டு நீண்ட இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. கைகளின் முன்முனை அச்சோடும், பின்முனை கீல்போல வண்டியின் சட்டகத்தோடும் இணைந்துள்ளன. சட்டகம் உயர்ந்தால் கையின் பின்முனையும் உயரும். கை முன்பக்கம் சரியும்; அச்சும் அதனோடு சேர்ந்து முன்னே உருளும். கேஸ்டர் குறைந்துவிடும்.

எவ்வளவு குறையும்? கணிதப் பாடத்தில் படித்த டான்ஜென்ட் இங்கே உதவும். கையின் நீளம் 100 செ.மீ., பின்முனை உயர்ந்தது 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 ÷ 100 = 0.04. அதற்குரிய கோணம் சுமார் 2.3 பாகை. முதலில் 4 பாகை இருந்திருந்தால், பாதிக்கு மேல் போய்விட்டது! நெடுஞ்சாலையில் வண்டி இப்படியும் அப்படியும் அலையும். ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகச் செல்லும்போது இது ஆபத்து.

வழக்கமான அலைன்மென்ட் செய்தால் போதாதா? போதாது. டயர்கள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்பதை அதில் சரிசெய்யலாம். அச்சின் சாய்வு அப்படியே இருக்கும். அதைத் திருத்த, கையின் பின்முனையைக் கீழே இறக்கும் தாங்கியைப் பொருத்துவார்கள். அல்லது துளை மையம் விலகிய புஷ்ஷை மாட்டி, அச்சுக்கோட்டை மீண்டும் பின்னால் சாய்ப்பார்கள். அதன் பிறகே அலைன்மென்ட்.

செய்து பாருங்கள்: காலித் தள்ளுவண்டியை முன்னே தள்ளிவிட்டு, உடனே பின்னோக்கி இழுங்கள். முன்சக்கரங்கள் தடுமாறி, அரைவட்டம் சுற்றி மறுபக்கம் போகும். அவை ஏன் அப்படிச் சுற்றின என்று உங்கள் நண்பருக்கு விளக்க முடிந்தால், கேஸ்டர் உங்களுக்குப் புரிந்துவிட்டது!