ரக்பி பார்க்கப் போய் பாடம் கற்று வந்தேன்!

டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க, 2019 செப்டம்பரில் நானும் என் கணவரும் ஜப்பான் சென்றிருந்தோம். அப்போது அங்கே ரக்பி உலகக் கோப்பை நடந்து கொண்டிருந்தது. "அம்மா, கமாய்ஷியில ஃபிஜிக்கும் உருகுவேக்கும் மேட்ச். மூணு டிக்கெட் எடுத்துட்டேன். போற வழியில ஊரையும் சுத்திப் பார்த்துடலாம்" என்றான் மகன். "முட்டை மாதிரி பந்தைத் தூக்கிக்கிட்டு முட்டி மோதுறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று அலுத்துக் கொண்டே கிளம்பினேன்.

புல்லட் ரயிலில் வடக்கே போய், ஹிராய்சுமி என்ற ஊரில் 1124-ல் கட்டிய, தங்க ரேக்கு ஒட்டிய புத்தர் சன்னிதியைக் கண்குளிரப் பார்த்தோம். கமாய்ஷி சின்ன ஊர்; அறை கிடைப்பது கஷ்டம் என்று ஹனமாகியில் தங்கி, மறுநாள் காலை ரயில் பிடித்தோம்.

சுற்றிலும் மலை, பக்கத்தில் கடல். நடுவே மைதானம். "இங்கே முன்னாடி ரெண்டு ஸ்கூல் இருந்ததும்மா" என்றான் மகன். 2011 மார்ச் 11-ல் பூமி குலுங்கியதும், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடினார்களாம். மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் அதைப் பார்த்து இறங்கி ஓட, பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக் கொண்டார்கள். பின்னாலேயே வந்த சுனாமி இரண்டு பள்ளிகளையும் மூழ்கடித்தது. ஓடிய பிள்ளைகள் பிழைத்தார்கள். காரணம், பல வருடப் பயிற்சி.

எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் ஊர் நாகப்பட்டினம். 2004-ல் கடற்கரைக்கு விளையாடப் போன என் தங்கை மகள் திரும்பி வரவில்லை. வயது ஒன்பது. 'ஓடு' என்று அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லையே! எங்களுக்கே தெரியாதே!

உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து நின்று, தங்களுக்கு உதவிய உலகத்துக்கு நன்றி சொல்லிப் பாடியபோது அழுதுவிட்டேன். ஆட்டத்தில் பலம் வாய்ந்த ஃபிஜியை உருகுவே 30-27 என்று வென்றது. விதிமுறை ஒன்றும் புரியாமலே நானும் கை தட்டினேன்.

இப்போதெல்லாம் பேரப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனால், சுண்டல் வாங்கும் முன், "கடல் உள்வாங்கினா எங்கே ஓடணும்?" என்று கேட்டு, மேடான இடத்தைக் காட்டி விடுகிறேன். சகோதரிகளே, நீங்களும் சொல்லிக் கொடுங்கள். வீட்டு ஆண்கள் மேட்ச் பார்க்கக் கூப்பிட்டால், முகம் சுளிக்காமல் போய் வாருங்கள். வழியில் என்ன காத்திருக்கிறதோ, யார் கண்டது!

- ஒரு வாசகி, நாகப்பட்டினம்.