கொட்டகுடி கம்பிவடப் பாதை: தேனி மாவட்டத்தின் தொழிலக மரபு

முன்னுரை

மரபுச்சின்னம் என்றவுடன் கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியனவே நம் கருத்தில் எழுகின்றன. ஆலை, கிடங்கு, சரக்குப் பாதை முதலியன உழைப்பு வரலாற்றின் சான்றுகளாக இருந்தும் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக் கம்பிவடப் பாதையைச் சான்றாகக் கொண்டு இந்நிலையை இக்கட்டுரை விளக்குகிறது.

தேயிலை இறங்கிய வழி

மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908-இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ 5 கி.மீ. நீளமுள்ள கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர் மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த இருப்புப்பாதையை அழித்தது.

ஊர்ப்பெயர் என்னும் சான்று

டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. இவற்றுள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தண்டவாளம் வந்ததே இல்லை. செங்குத்தான மலைச்சரிவில் அமைந்த அவ்வூரின் பெயர் கம்பிவடத்தின் இடைநிலையத்தையே குறிக்கிறது. கட்டுமானம் மறைந்தபின்னும் பெயர் அதன் வரலாற்றைத் தாங்கி நிற்கிறது.

பாதுகாப்பில் உள்ள சிக்கல்

நடுவணரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் நினைவுச்சின்னத்திற்கு நூறாண்டுப் பழைமையை வரையறுக்கிறது. 1924-க்கு முற்பட்ட எச்சங்களுக்கு அப்பழைமை உண்டு. ஆகவே காலம் தடையன்று. தனித்தனியே நோக்கினால் அவை சிதைந்த கற்கட்டாகவும் துருப்பிடித்த இரும்பாகவும் மட்டுமே தோன்றுவதும், இவ்வழி இரு மாநிலங்களில் பிரிந்து கிடப்பதுமே தடைகள். தொழிலக மரபு குறித்த 2003-ஆம் ஆண்டு நிஸ்னி தகீல் சாசனம் கட்டடம், இயந்திரம், கிடங்கு ஆகியவற்றுடன் போக்குவரத்து அமைப்புகளையும் மரபாக ஏற்கிறது. அந்நோக்கில் மூணாறு முதல் போடி வரையிலான வழி முழுவதும் ஒரே மரபுத்தொடராகும்.

பயன்பாடு தொடரும் இடத்தில் பாதுகாப்பு எளிதாகிறது. இன்றும் இயங்கும் நீலகிரி மலை இருப்புப்பாதை 2005-இல் உலக மரபுச்சின்னமாயிற்று. பயன் ஒழிந்த கம்பிவடப் பாதைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆவணமே அதற்குரிய முதற்காப்பு.

முடிவுரை

எஞ்சியவற்றை அளந்து வரைதல், மலையூர் முதியோரின் வாய்மொழிச் செய்திகளைப் பதிதல், இரு மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியல் உருவாக்குதல் ஆகியன உடனடித் தேவைகள். இப்பணியை வட்டாரக் கல்லூரிகளின் வரலாற்று, தமிழ்த் துறைகள் இணைந்து தொடங்கலாம். இது காலந்தாழ்ந்தால் ஊர்ப்பெயர்கள் எஞ்சும். அவற்றின் பொருள் எஞ்சாது.