எல்லோருக்கும் பொது – 17: முகத்துவாரத்தில் யார் வலை?

உரிமங்களைப் பற்றிச் சென்ற வாரமே பேசி முடித்தாயிற்று. ஜிபிஎல், எம்ஐடி எல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு முதல் திருத்தத்தை எழுதி அனுப்புவது எப்படி என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி வழியில் நிற்கிறது. நீங்கள் அனுப்பும் திருத்தத்தை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்பவர் ஒருவர் இருக்கிறார். அந்த அதிகாரம் அவருக்கு யார் கொடுத்தது? இதற்குப் பதில் தேடிய வாரத்தில்தான் பழவேற்காடு ஏரியின் ‘பாடு’ முறையைப் பற்றி விரிவாகப் படித்தேன். அதைச் சொல்லாமல் இந்த வாரம் மேலே போக மாட்டேன்.

பழவேற்காடு, இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏரிக்குள் வந்து, சேற்றில் இரை தேடி வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். திரும்பும்போது வற்றும் நீரின் ஓட்டத்தோடு, பெரும்பாலும் இரவில், முகத்துவாரத்தை நோக்கி நகரும். ஏரி எவ்வளவு பரந்து கிடந்தாலும் அந்த வழியில் கம்பு நட்டுக் கட்டிய வலைக்குத்தான் நல்ல இறால் விழும். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம். வலை வைத்திருப்பவர்கள் ஏராளம். ஆளுக்கு ஆள் முந்தினால் முதலில் சண்டை வரும், பிறகு இறாலும் போகும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களின் பட்டினவர் சமூக மீனவர்கள் இதற்குக் கண்ட வழிதான் பாடு. நல்ல இடம் எதுவும் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஊரில் ‘தலைக்கட்டு’ என்று கணக்கில் வந்தவருக்கு மட்டும் முறை உண்டு. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். யாருக்கு எந்த நாள் என்பதை முறை தீர்மானிக்கும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை விலகி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். இதை அரசாங்கம் எழுதிக் கொடுக்கவில்லை. நீரில் இறங்குகிறவர்களே வகுத்துக்கொண்டு, அவர்களே காத்து வருகிறார்கள். செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதியதை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் வெளியிட்டது. பிறகு சாரா கூல்ட்ஹார்ட் போன்றவர்களும் வந்து ஆராய்ந்தார்கள்.

பாடு நம் ஏரியோடு நிற்கவில்லை. கொச்சிக் காயலிலும் கம்பு நட்ட வலைகளுக்கு இதே பெயரில் முறை இருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டு வலைகளுக்குச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். இந்த வாரம் என்னைத் துள்ள வைத்தது துருக்கியின் அலான்யா. அந்த ஊர் ஆராயப்பட்ட காலத்தில் அங்கே மீனவர்கள் செப்டம்பரில் கூடி, வலை போடத்தக்க இடங்களையெல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுச் சீட்டுப் போடுவார்கள். அதன் பிறகு ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஓர் இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மே வரை தினமும் ஓர் இடம் மேற்கே. மீன் கூட்டம் போகும் திசை பருவத்துக்கு மாறும் என்பதால் இந்த ஏற்பாடு. யாரும் யாரையும் காவல் காக்க வேண்டியதில்லை. இன்று அந்த இடம் யாருடைய முறையோ அவரே அங்கே நிற்பார், வேறொருவர் வந்தால் அவரே தடுப்பார். அலான்யாவை ஆராய்ந்தவர் ஃபிக்ரெட் பெர்க்கஸ். அதே பெர்க்கஸ்தான் 2004-இல் கொச்சிப் பாடு பற்றிய ஆய்வுக் கட்டுரையிலும் இணை ஆசிரியர். மத்தியதரைக் கடலில் கண்டதை அரபிக் கடலோரத்திலும் காண ஒருவருக்கு வாய்த்திருக்கிறது.

அலான்யாவை உலகறியச் செய்தது எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய புத்தகம். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஆகவே அரசிடம் கொடு, அல்லது தனியாரிடம் கொடு என்று சொல்லிக்கொண்டிருந்த பொருளாதாரத்துக்கு அவர் மூன்றாவது வழி ஒன்று உயிரோடு இருப்பதைக் காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அறிவும் ஒரு பொதுச்சொத்து என்று 2007-இல் அவரும் சார்லட் ஹெஸ்ஸும் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்கள். அதில் சார்லஸ் ஷ்வைக் எழுதிய அத்தியாயம் கட்டற்ற மென்பொருளைப் பற்றியது. ஏரிக்கும் மூலநிரலுக்கும் நான் போடும் முடிச்சுக்கு அங்கேயே கயிறு இருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு வரும். நான் பிடித்த இறால் உங்களுக்கு இல்லை. நான் நகலெடுத்த நிரலோ உங்களுக்கும் அப்படியே இருக்கிறது. தீராத ஒன்றுக்கு எதற்குப் பாடு? நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: மூலநிரல் தீராது; அதைப் பார்த்துக்கொள்கிறவரின் நேரம் தீரும். வந்து குவியும் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏன் வேண்டாம் என்று பக்குவமாக விளக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் முகத்துவாரம் அந்த மனிதர். எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்குவது அவர் மேல்தான்.

எக்ஸ்இசட் கதையை இங்கே வைத்துப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும். லாசெ காலின் என்ற பின்லாந்துக்காரர் பல ஆண்டுகளாக ஊதியமில்லாமல், ஏறக்குறையத் தனியாகவே பார்த்துவந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து நல்ல திருத்தங்களாக அனுப்பினார். 2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவருக்குக் கொடு என்று காலினை நெருக்கின. மெல்ல மெல்ல ஜியா டானுக்கு வெளியீடு செய்யும் உரிமையே வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0-க்குள் கள்ளக்கதவு இருந்தது. அதைத் திறக்கும் வரி எல்லோரும் பார்க்கும் மூலநிரல் கிடங்கில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. தன் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், மார்ச் 29 அன்று உலகத்தை எச்சரித்தார். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் யார் என்பது வெளிவரவே இல்லை.

பாடு முறையில் இது நடந்திருக்காது. இன்னார் மகன், இன்ன குப்பம் என்று தெரியாதவருக்கு முகத்துவாரத்தில் கம்பு நட இடமில்லை. மென்பொருள் உலகத்திலும் அப்படி ஆள் பார்க்கும் ஊர் ஒன்று உண்டு: லினக்ஸ் தொகுப்பு ஒன்றை உருவாக்கும் டெபியன். முழு உறுப்பினராக வேண்டுமானால் வழக்கமாக உங்கள் மின்சாவியில் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிடுகிறவர் உங்களை நேரில் சந்தித்து, அடையாள அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். டெபியன்காரர்களின் ஆண்டு மாநாடு இந்தியாவுக்கு முதன்முதலாக 2023 செப்டம்பரில் வந்தது. எங்கே என்றால், பாடு வாழும் அதே கொச்சியில்.

ஆனாலும் ஆள் பார்ப்பதே போதும் என்று நான் சொல்லவில்லை. டெபியனின் நிலைப்படுத்தாத பதிப்புக்குள்ளும் அந்தக் கெட்ட எக்ஸ்இசட் வந்துவிட்டது. ஃபிராயிண்ட் கண்டுபிடித்ததே அங்கேதான். அதைவிடப் பெரிய விஷயம், தலைக்கட்டின் மறுபக்கம். பட்டினவர் அல்லாதவருக்குப் பாடு இல்லை. பெண்ணுக்கும் இல்லை. கழுத்தளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு இல்லை. பிறப்பை வைத்துக் கதவைச் சாத்தும் முறையை, அது எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், நான் முழுமனதோடு புகழ மாட்டேன். கட்டற்ற மென்பொருள் இந்த இடத்தில் பாடைவிட உயர்ந்தது. சாதி கேட்காது, பட்டம் கேட்காது, வேலையைப் பார்த்து உரிமை கொடுக்கும். அது பாடிடமிருந்து கற்க வேண்டியது முறை வைப்பதை: பாரம் ஒருவர் தலையிலேயே கிடக்காமல் சுழல்வதை.

பழவேற்காடு என்றதும் டச்சுக்காரர்களும் நினைவுக்கு வருவார்கள். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டைதான் நெடுங்காலம் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடல் வரைபடங்களை ரகசியமாக வைத்திருந்தது. மாலுமிக்குக் கையால் வரைந்த பிரதி கொடுப்பார்கள். பயணம் முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆசியக் கடல்களுக்கான அந்த வரைபடங்கள் அச்சில் விற்பனைக்கு வந்தது 1753-இல். பூட்டிய மூலநிரலும் ஊர்ப்பொதுவும் ஒரே ஏரிக்கரையில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. இதைத் தனி அத்தியாயமாகவே எழுத வேண்டும்.

பக்கம் முடிகிறது, ஆசிரியர் குழு காத்திருக்கிறது. முதல் திருத்தம் அடுத்த வாரம் நிச்சயம் வரும். முத்து அண்ணாமலை தொடங்கி, பலர் கைசேர்த்து வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நிரலகத்தை எடுத்துக்கொள்ளப் போகிறேன். பழவேற்காடு என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று வெறும் பைத்தானைக் கேட்டால் 10 என்னும்; யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். தமிழ்ப் பிள்ளை 6 என்று எண்ணுவதைப்போல எண்ணக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த நிரலகத்தின் வேலைகளில் ஒன்று.

அதற்குள் உங்கள் கணினியில் திருத்தங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git), பைத்தான் இரண்டையும் நிறுவி வையுங்கள். எந்த மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்ப ஆசையோ, அதன் பராமரிப்பாளர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஒரே ஒருவர்தான் என்றால் உங்கள் திருத்தத்தை எழுதுவதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே காத்துக் கிடக்கும் பிறர் திருத்தம் ஒன்றை ஓட்டிப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.