ஒரு வினாடிக்கு ஐந்து துடிப்பு

1906 நவம்பர் 12ஆம் நாள். பாரிஸ் நகரையொட்டிய பகதெல் மைதானத்தில் பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோந்த் தமது விமானத்தைக் கிளப்பினார். 82.6 மீட்டர் தூரத்தை 7 1/5 வினாடியில் கடந்தார். அதாவது மணிக்கு ஏறத்தாழ 41.3 கிலோமீட்டர். ஆகாய விமான வேகத்திற்கு ஏற்கப்பட்ட முதல் உலக சாதனை இதுவே.

அதென்ன, ஐந்தில் ஒரு வினாடிக் கணக்கு? விடை அக்காலத்துப் பாக்கெட் குரோனோகிராஃபினுள் இருக்கிறது.

குரோனோகிராஃப் என்றால் 'காலத்தை எழுதுவது' என்று பொருள். 1821இல் ரியூசெக் என்ற பிரெஞ்சுக்காரர், குதிரைப் பந்தயத்தில் நேரம் கணிக்க, முகப்பில் மைப்புள்ளி இடும் கருவியொன்றைச் செய்தார். பிற்காலக் கருவிகளில் மை இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வழக்கமான முட்களுடன், வேண்டும்போது ஓடி வேண்டும்போது நிற்கும் ஒரு நீண்ட முள்ளும் இவற்றில் உண்டு.

கடிகாரத்தினுள் சமனச் சக்கரம் இப்படியும் அப்படியுமாக ஆடுகிறது அல்லவா? இத்தகைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை துடிக்கும். 3,600ஆல் வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு 5. ஒவ்வொரு துடிப்பிற்கும் முள் ஒரு தாவல் தாவுகிறது. இரு தாவல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அதனால் காட்ட இயலாது.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். பகதெலில் ஒரே ஒரு துடிப்பு குறைந்து 7 வினாடி என்று பதிவாகியிருந்தால் வேகம் 42.5 கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஒரு துடிப்பு கூடியிருந்தால் 40.2 தான். அதே நாளில் அவர் 220 மீட்டரை 21 1/5 வினாடியில் பறந்தார். அங்கே ஒரு துடிப்பின் பிழை அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. தூரம் நீளநீளப் பிழை சிறுக்கிறது.

முதல் விமானத்திலும் காலங்காட்டி இருந்தது. 1903 டிசம்பர் 17இல் ரைட் சகோதரர்கள் தம் விமானத்தில் ஒரு நிறுத்து கடிகாரத்தைப் பொருத்தியிருந்தனர். எஞ்சினை நிறுத்தும் நெம்புகோலே அதையும் காற்றுவேகமானியையும் நிறுத்தியது. முதல் பறப்பு வெறும் 12 வினாடி!

பறப்பவருக்கோ இரு கைகளுக்கும் வேலை. பையிலிருந்து கடிகாரத்தை எடுப்பது எப்படி? சாந்தோஸ் துமோந்தின் இந்தக் குறையைக் கேட்டுத்தான் லூயி கார்த்தியே அவருக்குக் கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். தரையில் நின்று நேரம் குறிப்பவர்களிடம் பாக்கெட் குரோனோகிராஃப் நீடித்தது.

பழைய குரோனோகிராஃப் ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் முதலில் வினாடிக் கோடுகளுக்கு இடையே எத்தனை பிரிவுகள் என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் அதன் துடிப்பு விளங்கிவிடும். பிறகு பொத்தானை மும்முறை அழுத்துங்கள்: முள் ஓடவேண்டும், நிற்கவேண்டும், சுழியத்திற்குத் திரும்பவேண்டும். உள்ளே இதய வடிவத் தட்டொன்றின் மீது சிறு சுத்தியல் விழுகிறது. எந்த இடத்தில் விழுந்தாலும் சரிந்து அதன் பள்ளத்திலேயே வந்து நிற்கும். முள் சுழியத்தில் நிற்காவிட்டால் அந்தப் பகுதியில் தேய்வோ அழுக்கோ இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து, இருளில் தெரிவதற்காகப் பல கடிகார முகப்புகளில் ரேடியம் பூசினார்கள். ஒளி மங்கியிருந்தாலும் நச்சு மங்கவில்லை. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய கடிகாரத்தைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே கண்டு மகிழுங்கள்.