மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரம்

மாதவிலக்கு முற்றிலும் நின்று 12 மாதங்கள் கடந்தபின், ஒரு துளியாகவோ வெறும் பழுப்புக் கறையாகவோ மீண்டும் உதிரம் தோன்றுமாயினும், அது வைத்தியரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டிய அறிகுறியாகும். நின்ற தீட்டு மறுபடியும் வந்துவிட்டதென்று எண்ணி, லஜ்ஜையினாலோ குடும்ப பாரத்தினாலோ அதனை மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் தாய்மார் நம்மிடையே அநேகர்.

சாதாரணக் காரணங்கள்

சூலகங்கள் தம் தொழிலை நிறுத்தியபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுவதால், பிறப்புறுப்பின் உட்தோலும் கர்ப்பப்பையின் உட்படலமும் மெலிந்து, சிறு உராய்வுக்கும் உதிரம் கசியும் நிலையை அடைகின்றன. மிகுதியாகக் காணப்படும் காரணம் இதுவே. கர்ப்பப்பையிலோ அதன் வாயிலோ வளரும் 'பாலிப்' என்னும் சிறு சதைகள், ஹார்மோன் மாத்திரைகள், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். சிறுநீர்ப் பாதையிலிருந்தோ மூலத்திலிருந்தோ வரும் உதிரம் இவ்வாறு தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

அலட்சியம் தகாதவை

இவ்வாறு உதிரம் கண்ட ஸ்திரீகளில் 100 பேருக்குச் சுமார் 9 பேரிடம் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் காணப்படுகிறது. சரீரத்தின் கொழுப்பு முதுமையிலும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கி அப்படலத்தை இடைவிடாது தூண்டுவதால், ஸ்தூல சரீரமுடையோருக்கு இந்த அபாயம் அதிகம். நீரிழிவுள்ளோருக்கும், மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்சிஃபென் என்னும் மருந்தை உட்கொள்வோருக்கும் இவ்வபாயம் அதிகமே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இதே அறிகுறியைக் காட்டக்கூடும். தாம்பத்திய உறவுக்குப்பின் உதிரம் காண்போர் இதனை விசேஷமாக நினைவில் வைக்கவேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

வைத்தியர் முதலில் கர்ப்பப்பையின் வாயைப் பார்வையிட்டு, பின்னர் ஸ்கேன் மூலம் உட்படலத்தின் தடிப்பை அளப்பார். அது 4 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் புற்றுநோய்க்கு இடம் மிகக் குறைவு. மேற்பட்டாலும், உதிரம் திரும்பத் திரும்பக் கண்டாலும், சிறிதளவு சதையை எடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது. உட்தோல் மெலிவுக்குப் பூச்சு மருந்தும், பாலிப்புக்குச் சிறு அறுவையும் பெரும்பாலும் போதுமானவை. உட்படலப் புற்றுநோயும் கர்ப்பப்பையைக் கடந்து பரவுமுன் கண்டறியப்பட்டால், அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

அந்நோய் கண்ட 10 பேரில் 9 பேருக்கு உதிரமே எச்சரிக்கையாக அமைகிறது. வேறு பல புற்றுநோய்கள் இத்தகைய அவகாசம் தருவதில்லை. ஆதலால், தாய் சொல்லத் தயங்கினாலும், மகளோ மருமகளோ கனிவுடன் விசாரித்து, அந்த வாரத்திலேயே அவரை மகளிர் நோய் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் குடும்பத்தாரின் கடமையாகும்.